கடவுச்சொல் சரி, வாசல்தான் திறக்கவில்லை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு எனக்குப் புலனத்தில் வரும் செய்திகளில் பாட்டு கேட்பவர்கள் பாதி, கணினி கேட்பவர்கள் பாதி என்றாகிவிட்டது. சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம், கோல கெட்டில் என்று ஊர்தான் மாறுகிறது, கதை ஒன்றுதான். “அக்கா, பழைய மடிக்கணினியில லினக்ஸ் போட்டோம். ரெண்டு மாசம் நல்லா ஓடுச்சு. இப்ப கடவுச்சொல் போட்டா உள்ள விடாம திரும்பவும் கடவுச்சொல்லே கேட்குது.” இல்லாவிட்டால், “உள்ள போகுது, ஆனா ஒரே கறுப்பு. நடுவுல மவுஸ் அம்பு மட்டும் நிக்குது.”

இந்த வாரம் இந்த இரண்டு செய்திகளுக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பித் தொண்டை கட்டிவிட்டது. எனக்குத் தொண்டைதான் சம்பளம்.

பழைய கணினிகளில் லினக்ஸ் ஏறியதற்குக் காரணம் எளிது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்க வேண்டி வந்தபோது, தோட்டப்புறத்தில் பல வீடுகள் கைக்கு அகப்பட்ட பழைய மடிக்கணினியை வாங்கின. அப்போதே அவற்றுக்கு ஆறேழு வயது. அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், 4 ஜிகாபைட் நினைவகம் வேண்டும், 64 ஜிகாபைட் சேமிப்பிடம் வேண்டும், செயலியும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்டது. நம் வீட்டுக் கணினிகளில் பல இந்த வாசலிலேயே நின்றுவிட்டன. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறந்தது; இன்டெல் அங்கே ஆலை வைத்திருக்கிறது; நம் பிள்ளைகள் பலர் அந்தப் பூங்காவில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார்கள். அம்மா அங்கே வேலை முடித்து வருகிறார். மகன் வீட்டில் பத்து வருடப் பழைய செயலியோடு மல்லுக்கட்டுகிறான். இது நம் கெடாவுக்கே உரிய காட்சி.

லினக்ஸ் என்பது உள்ளே ஓடும் இயந்திரம். கண்ணுக்குத் தெரியும் மேசைத்திரை அதன்மேல் வந்து உட்காரும் வேறொரு சமாச்சாரம். பழைய கணினிக்கு எடை குறைந்த மேசைத்திரைதான் தோது. அதில் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று எக்ஸ்.எஃப்.சி.இ. ஒலிவியே ஃபூர்டான் என்ற பிரெஞ்சுக்காரர் 1996-இல் தொடங்கியது. அதன் சின்னம் ஓர் எலி. லினக்ஸ் மின்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை நிறுவியவர்கள் அந்த எலியைப் பார்த்திருப்பீர்கள். மற்றொன்று எல்.எக்ஸ்.கியூ.டி. இதன் மூதாதை எல்.எக்ஸ்.டி.இ.; தைவானைச் சேர்ந்த ஹோங் ஜென் யீ 2006-இல் தொடங்கியது. 2018 அக்டோபரில் வந்த 18.10 பதிப்பிலிருந்து லுபுண்டு இந்த எல்.எக்ஸ்.கியூ.டி.யில்தான் ஓடுகிறது. தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு சேர்த்து பாஸ் என்ற இந்திய லினக்ஸ் இருந்தது. ஆகவே லினக்ஸ் என்றாலே கணினிப் பொறியியல் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டியதில்லை.

சரி, உள்ளே விடாத கணினிக்கு வருவோம். இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: பையில் போட்டுக்கொண்டு பட்டணத்துக் கடைக்குப் போவது. கடையில் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: “ஃபார்மட் பண்ணணும்.” கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது விண்டோஸ். அவர் நேரத்துக்கு விலை உண்டு. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றுவதுதான் அவருக்கு வேகமான வழி. ஆனால் அழிவது நம்முடைய பொருள். வானொலியில் திடீரென்று சத்தம் நின்றுவிட்டால் மைக்கைப் பார்ப்போம், கலவைப் பலகையைப் பார்ப்போம், கம்பியைப் பார்ப்போம். ஒலிபரப்புக் கோபுரத்தை இடித்துவிட்டு மறுபடி கட்டலாம் என்று யாரும் சொல்வதில்லை.

என் சின்னம்மா மகனின் கணினியில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வீடு. சுங்கைப் பட்டாணியில் ஆறாம் படிவம். ‘பெங்காஜியான் ஆம்’ பாடத்தின் ஆய்வுப் பணிக்காகத் தோட்டத்துப் பெரியவர்களைப் பேட்டி கண்டு பதிவு செய்திருந்தான். பால்மரம் போய்ச் செம்பனை வந்த கதை, லயத்துக் கதை, கோயில் திருவிழாக் கதை. கைப்பேசியில் இடமில்லை என்று எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிவிட்டுக் கைப்பேசியில் அழித்துவிட்டான். பேசியவர்களில் ஒரு தாத்தா தீபாவளிக்கு முன்பே காலமாகிவிட்டார். அறிக்கையை இன்னொரு முறை தட்டச்சு செய்யலாம். அந்தக் குரலுக்கு எங்கே போவது? கடையில் 100 வெள்ளிக்கு ஃபார்மட் பேசி முடித்துவிட்டு, “குடுத்துரவா அக்கா?” என்று கேட்கத்தான் எனக்கு அழைத்தான். கொடுக்காதே என்றேன்.

கணினி எழுந்திருக்கும் விதம் தெரிந்தால் எங்கே நின்றது என்று நாமே கண்டுபிடித்துவிடலாம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும். விடியுமுன் எல்லாரும் கூடுவார்கள். கிராணி பேர் வாசிப்பார். வந்தவர்கள் அவரவர் நிரைக்குப் போவார்கள். கணினியிலும் அப்படித்தான். முதலில் லினக்ஸ் எழுகிறது; தோட்டத்தில் விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கடவுச்சொல் கேட்கும் திரை. அது வாசல் காவல். நீங்கள் சரியான சொல்லைச் சொன்னதும் மேசைத்திரையின் கிராணி வருகிறார். அமர்வு மேலாளர் என்பது அவர் பெயர். அவர் கையில் ஒரு பட்டியல். ஜன்னல்களுக்குத் தலைப்பட்டை போட்டு நகர்த்த உதவுபவர் ஒருவர். கீழேயோ மேலேயோ பட்டையை வைத்து மெனுவும் கடிகாரமும் காட்டுபவர் ஒருவர். பின்னணிப் படத்தையும் சின்னங்களையும் விரிப்பவர் ஒருவர். இன்னும் சில கையாட்கள். எல்லாரும் வந்துவிட்டால் மேசைத்திரை முழுசாகத் தெரியும். யார் வரவில்லையோ, அவர் வேலை மட்டும் நடக்காது.

அதனால், திரையில் எது இல்லை என்று முதலில் பாருங்கள். படம் இருக்கிறது, பட்டை இல்லை என்றால், பட்டைக்காரர் மட்டும்தான் வரவில்லை. எக்ஸ்.எஃப்.சி.இ.யில் ஆல்ட் விசையோடு எஃப்2 அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் எக்ஸ்-எஃப்-சி-இ-4, சிறுகோடு, பேனல் என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டினால் வந்து நிற்பார். ஜன்னல்கள் திறக்கின்றன, ஆனால் மூடவோ நகர்த்தவோ தலைப்பட்டை இல்லை என்றால், அதே பெட்டியில் எக்ஸ்-எஃப்-டபிள்யூ-எம்-4, ஓர் இடைவெளி, இரண்டு சிறுகோடு, ரீப்ளேஸ். இரண்டுமே ஒரு நிமிட வேலை. (கட்டளைகளை வானொலியில் சொல்வதுபோல உச்சரிப்பாகவே எழுதுகிறேன். எழுத்துக்கு எழுத்து ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

இன்னொரு அசட்டுக் காரணமும் உண்டு. கடவுச்சொல் திரையின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு குறி இருக்கும். எந்த மேசைத்திரையில் நுழைவது என்று தேர்ந்தெடுக்கும் இடம் அது. வீட்டுச் சின்னப் பிள்ளைகள் கைபட்டு அது மாறியிருந்தால், பாதி நிறுவப்பட்ட வேறெதையோ திறக்கப் பார்த்துக் கறுப்பாக நிற்கும். முதலில் அதைச் சரிபாருங்கள்.

தம்பியின் கணினி இந்த வகையில் இல்லை. கடவுச்சொல் போட்டதும் ஒரு விநாடி கறுப்பாகி, மறுபடி அதே வாசலுக்கு வந்தது. கடவுச்சொல் தவறாக இருந்தால் தவறு என்று எழுத்தில் காட்டும். ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்பினால் சொல் சரி, உள்ளே கிராணியால் வேலையைத் தொடங்க முடியவில்லை என்று அர்த்தம். இதற்குப் பின்வாசல் உண்டு. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்க்க வேண்டும். படம் எதுவும் இல்லாமல், கறுப்பில் வெள்ளை எழுத்தோடு ஒரு திரை வரும். பயனர் பெயரைக் கேட்கும், பிறகு கடவுச்சொல்.

“அக்கா, கீபோர்டு கெட்டுப்போச்சு போல. கடவுச்சொல் அடிச்சா ஒன்னும் வரல லா!”

வராது. இந்தத் திரையில் கடவுச்சொல்லைத் தட்டும்போது நட்சத்திரம்கூடத் தெரியாது. தைரியமாகத் தட்டிவிட்டு என்டர் அழுத்த வேண்டும். இங்கே எத்தனை பேர் பயந்து கணினியை அணைத்துவிடுகிறார்கள் என்பதற்கு என் புலனமே சாட்சி.

உள்ளே போனதும் முதல் கேள்வி: இடம் இருக்கிறதா? டி-எஃப், இடைவெளி, சிறுகோடு, எச். ஒரு பட்டியல் வரும். கடைசிப் பத்தியில் வெறும் சாய்கோடு மட்டும் இருக்கும் வரியைப் பாருங்கள். அதுதான் உங்கள் முதன்மைச் சேமிப்பிடம். தம்பியை வாசிக்கச் சொன்னேன். 100 விழுக்காடு என்றான். மிச்சம் சுழியம்.

சேமிப்பிடம் நிறைந்தால் ஏன் உள்ளே விடாது? நீங்கள் நுழையும்போது கிராணி உங்கள் பெயரில் ஒரு சின்னச் சீட்டு எழுதியாக வேண்டும். எழுத இடமில்லை என்றால் பெரட்டே கலைந்துவிடும். ஆனால் கணினி மட்டும் எழுந்து வாசல் திரை வரைக்கும் வருகிறதே என்று நீங்கள் கேட்கலாம். லினக்ஸில் பரவலாக உள்ள ஈ.எக்ஸ்.டி.4 கோப்பு முறை, வழக்கமாக 5 விழுக்காடு இடத்தை நிர்வாகிக்கு என்று ஒதுக்கி வைக்கிறது. அரிசிப் பானையில் அம்மா அடியில் ஒரு படி ஒளித்து வைப்பதுபோல. அந்த ஒரு படியில் கணினி எழுந்துவிடுகிறது. சாதாரணப் பயனரான உங்களுக்கு அதில் பங்கு கிடையாது.

அவ்வளவு இடத்தையும் தின்றது யார்? தம்பி கணினியில் இரண்டு பேர். பாடக் காணொளிகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் டைம்ஷிஃப்ட். லினக்ஸ் மின்டோடு வரும் இந்தக் கருவி, கணினி அமைப்பைப் படம்பிடித்து வைத்து, கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப உதவுகிறது. மிக நல்ல கருவி. ஆனால் 500 ஜிகாபைட் வைத்திருப்பவர்களுக்கு நல்லது. 64 ஜிகாபைட் கணினியில் தினமும் ஒரு படம், வாரம் ஒரு படம், மாதம் ஒரு படம் என்று வைத்தால், காப்பாற்ற வந்தவரே வீட்டை நிறைத்துவிடுவார்.

வழி இதுதான். எஸ்-யு-டி-ஓ என்று ஆரம்பித்தால் நிர்வாகியாகப் பேசுகிறீர்கள் என்று பொருள். அதை சூடோ என்கிறேன். முதலில் சூடோ, ஏ-பி-டி, கிளீன். நிறுவி முடித்த மென்பொருள்களின் பொட்டலங்களை இது அழிக்கும். கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும். அடுத்து சூடோ, டைம்ஷிஃப்ட், இரண்டு சிறுகோடு ஒட்டினாற்போல் லிஸ்ட். படங்களின் பட்டியல் வரும். லிஸ்ட் இருந்த இடத்தில் டிலீட் என்று போட்டால் எதை அழிக்க என்று கேட்கும். பழையதை எண் சொல்லி அழிக்கலாம். டைம்ஷிஃப்ட் வழக்கமாக உங்கள் சொந்தக் கோப்புகளைப் படம் பிடிப்பதே இல்லை. அதனால் படங்களை அழித்தாலும் உங்கள் ஆவணங்களுக்கு ஒன்றும் ஆகாது. கடைசியாக சூடோ, ரீபூட்.

தம்பி ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட, நான் இங்கே நிலையத்து வாகன நிறுத்துமிடத்தில் நின்று எழுத்து எழுத்தாகச் சொல்ல, நாற்பது நிமிடம் ஆனது. மூன்று படங்களை அழித்ததும் மேசைத்திரை வந்தது. முதல் வேலையாக அந்தப் பேட்டிகளை ஒரு விரலியிலும், சின்னம்மாவின் கைப்பேசியிலும், என்னிடமும் வைக்கச் சொன்னேன். டைம்ஷிஃப்டை மாதம் ஒரு படம், அதிலும் ஒன்றே ஒன்று என்று மாற்றினோம்.

இடம் தாராளமாக இருந்தும் வாசலுக்கே திரும்புகிறது என்றால், அந்தச் சீட்டையே பார்க்க வேண்டும். அதன் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கும்: புள்ளி, பெரிய எழுத்து எக்ஸ், அதோடு ஒட்டி அதாரிட்டி. எல்-எஸ், இடைவெளி, சிறுகோடு, எல்-ஏ என்று தட்டினால் பட்டியலில் தெரியும். அதே வரியில் உங்கள் பயனர் பெயருக்குப் பதில் ரூட் என்று இருந்தால், யாரோ எப்போதோ நிர்வாகியாக மேசைத்திரையைத் திறந்து, உங்கள் சீட்டைத் தன் பெயரில் எழுதிவிட்டார்கள். இணையத்தில் கண்ட கட்டளையை அர்த்தம் தெரியாமல் சூடோ போட்டு ஓட்டினால் நடப்பது இது. அழிக்க வேண்டாம், எம்-வி கட்டளையால் பெயரை மட்டும் மாற்றுங்கள். எம்-வி, இடைவெளி, பழைய பெயர், இடைவெளி, புதுப் பெயர். அடுத்த முறை நுழையும்போது கணினி புதுச் சீட்டு எழுதிக்கொள்ளும்.

நம் ஊருக்கென்று ஒரு தனிக் காரணம் இருக்கிறது. பழைய மடிக்கணினிகளில் மின்கலம் செத்திருக்கும். செருகியே வைத்து ஓட்டுவோம். சாயங்காலம் ஜெராய் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து ஓர் இடி இடித்தால் மின்சாரம் போகும், கணினியும் அந்த நொடியே போகும். அப்போது மேம்பாடு ஓடிக்கொண்டிருந்தால் பாதி புதுசு, பாதி பழசு என்று நிற்கும். பின்வாசலில் சூடோ, டி-பி-கே-ஜி, இரண்டு சிறுகோடு ஒட்டிய கன்ஃபிகர், இடைவெளி, சிறுகோடு, ஏ. விட்ட இடத்திலிருந்து தொடரும். மழைக்காலத்தில் மேம்பாட்டைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போய்க் கறுப்பில் அம்பு மட்டும் நிற்பவர்களுக்கு. இது பெரும்பாலும் உங்கள் அமைப்புக் கோப்புகள் கெட்டுப்போனதால் வரும். கிராணி கையில் உள்ள பட்டியல் நனைந்துவிட்டது. உறுதி செய்ய ஒரு வழி: பின்வாசலில் சூடோ, ஆட்யூசர், ஒரு புதுப் பெயர் என்று இன்னொரு பயனரை உருவாக்கி அவர் பெயரில் நுழைந்து பாருங்கள். அவருக்கு எல்லாம் சரியாக வந்தால் கணினியில் கோளாறு இல்லை; உங்கள் கணக்கில்தான். புள்ளி-கன்ஃபிக் என்ற அடைவுக்குள் எக்ஸ்-எஃப்-சி-இ-4 என்ற அடைவு இருக்கும், லுபுண்டுவில் எல்-எக்ஸ்-கியூ-டி. அதன் பெயரை எம்-வி கொண்டு மாற்றிவிட்டு நுழையுங்கள். புதுக் கணினிபோல மேசைத்திரை வரும். பின்னணிப் படமும் பட்டை அமைப்பும் போய்விடும். ஆவணங்கள் அப்படியே இருக்கும். புது பயனருக்கும் கறுப்புதான் என்றால் வரைகலை இயக்கியைச் சந்தேகிக்கலாம். அது தனிக் கதை. இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

கடைக்குத்தான் போக வேண்டும் என்ற நிலையும் உண்டு. பின்வாசல் திரையில் இன்புட் அவுட்புட் எரர் என்று திரும்பத் திரும்ப வந்தால், அல்லது உள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்டால், வட்டு சாகிறது. மேலே சொன்ன எதையும் செய்து பார்க்காதீர்கள். லினக்ஸ் நிறுவியபோது பயன்படுத்திய விரலியை வைத்திருக்கிறீர்களா? அதிலிருந்தே கணினியை எழுப்பலாம். நிறுவ வேண்டாம், ‘முயன்று பார்’ என்ற முதல் தேர்வோடு நின்று, கோப்பு மேலாளரைத் திறந்து, வேண்டியதை மட்டும் இன்னொரு விரலிக்கு நகலெடுங்கள். முக்கியமானது முதலில், சினிமா கடைசியில். அந்த விரலியை அழித்துப் பாட்டு ஏற்றிவிட்டவர்கள் பக்கத்து வீட்டுக் கணினியில் புதிதாக ஒன்று தயாரித்துக்கொள்ளலாம். 8 ஜிகாபைட் போதும்.

அதற்குப் பிறகு கடைக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது வாயால் மட்டும் சொல்லாமல், ஒரு காகிதத்தில் ‘ஜாங்கான் ஃபார்மட்’ என்று மலாயில் பெரிதாக எழுதி, உங்கள் தொலைபேசி எண்ணையும் போட்டு, மூடியின்மேல் ஒட்டிவிடுங்கள். கடையில் உங்களிடம் கணினியை வாங்கி வைப்பவர் ஒருவர், பின்னால் உட்கார்ந்து பழுது பார்ப்பவர் வேறொருவர்.